காரணமா, கணக்கா, காலமா: சேதமான வீட்டுக்கு யாருடைய அறிக்கையை எடுப்பது?

2020 டிசம்பரில் புரெவிப் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்து அரியாலையில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். வளவில் முழங்கால் அளவுக்கு நின்ற வெள்ளம் வடிந்து, சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் சேற்றுக் கோடு விழுந்திருந்தது. குசினி ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி நிலம் வரைக்கும் சரிவாக ஒரு வெடிப்பு. அதன் அடியில் என் சுண்டுவிரல் நுனி போனது. போனில் நாலு படம் எடுத்தேன். வங்கிக் கடனில் கட்டிய வீடு என்பதால் காப்புறுதி இருந்தது. வெள்ளத்தையும் புயலையும் சேர்த்து எடுத்த பத்திரம் என்பது நல்ல காலம்.

"நாளைக்கே பூசி விடுவம் அம்மா, மழை இன்னும் கிடக்கு" என்றார் மேசன். நல்ல மனதோடுதான் சொன்னார். சின்னம்மாவும் சரி என்றுவிட்டார். கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தபோது வெடிப்பின் மேல் பாதி புதுச் சீமெந்துக்குள் மறைந்திருந்தது. அவர் இருபது நிமிடம் நின்று, பத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்று கிழமை கழித்து வந்த கடிதத்தில் கதவுக்கும் அலுமாரிக்கும் மட்டும்தான் காசு. சுவரைப் பற்றி "நாட்பட்ட தேய்வும் அத்திவார இறக்கமும், பத்திரத்தில் அடங்காது" என்று ஒரே வரி.

அந்த ஒரு வரியை மாற்ற நாங்கள் நாலு மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் படித்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகும் அயலில் பலர் கேட்டது ஒரே கேள்வி. கம்பனி ஆள் வந்து பார்ப்பது போதுமா? மேசனிடம் எஸ்ரிமேற், அதாவது செலவு மதிப்பீடு, வாங்கினால் சரியா? கட்டட வேலையை அளந்து கணக்கிடும் ஓவசியரைக் கூப்பிடவா, அல்லது காசு செலவழித்து எஞ்சினியரைக் கொண்டுவரவா?

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. முதலில் கம்பனியோடு உங்களுக்கு இருக்கும் பிணக்கு எதைப் பற்றியது என்று கண்டுபிடியுங்கள். சேதம் எதனால் வந்தது என்பதிலா? திருத்த எவ்வளவு செலவாகும் என்பதிலா? அந்த மழையில் வந்ததா, முன்பே இருந்ததா என்பதிலா? காரணம், கணக்கு, காலம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆளின் அறிக்கைதான் எடுபடும். பலர் காசை வீணாக்குவது இந்த இடத்தில்தான். காரணத்தில் பிணக்கு இருக்கும்போது மூன்று மேசன்மாரிடம் எஸ்ரிமேற் வாங்கி அடுக்குகிறார்கள். கணக்கில் மட்டும் பிணக்கு இருக்கும்போது கொழும்பிலிருந்து எஞ்சினியரை அழைக்கிறார்கள்.

கம்பனி அனுப்புகிற ஆளே போதும் என்கிற இடங்கள்

இழப்பு மதிப்பீட்டாளர் நமக்கு எதிரி இல்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற்றுத் தொழில் செய்கிறவர். அவருக்குக் காசு கொடுப்பது கம்பனி என்பதும் உண்மைதான். அவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தைப் பார்த்திருப்பார். எது அடங்கும், எது அடங்காது என்ற பட்டியல் தலைக்குள் இருக்கும்போதுதான் உங்கள் சுவரைப் பார்க்கிறார். நாமோ சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், பத்திரம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

காரணத்தில் யாருக்கும் சந்தேகம் வராத சேதம் என்றால் அவருடைய பார்வையே போதும். காற்றில் ஓடு பறந்தது, பக்கத்து வளவுத் தென்னை மதிலில் விழுந்தது, மின்னல் அடித்துத் தண்ணீர் மோட்டர் எரிந்தது, இப்படியானவை. இதற்கெல்லாம் எஞ்சினியர் தேவையில்லை. மோட்டருக்கு மட்டும் திருத்துகிறவரிடம் எதனால் எரிந்தது என்று எழுதி வாங்கி, எரிந்த மோட்டரையும் எறியாமல் வைத்திருங்கள்.

அவர் வரும்போது வீட்டில் விபரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். சேதப் பட்டியலை அறை அறையாக எழுதிக் கையில் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். "காரணம் என்னவென்று எழுதப் போகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில்தான் உங்களுக்கு வேறு அறிக்கை தேவையா என்பது தெரியவரும். சின்னம்மா வீட்டில் நாங்கள் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

இன்னொன்று. தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்கிற படிவம் வரும். தொகையில் உங்களுக்குத் திருப்தி இல்லாதவரை அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்த பிறகு எந்த எஞ்சினியர் அறிக்கையும் பெரிதாக உதவாது.

கணக்கில் பிணக்கு: மேசனா, ஓவசியரா?

மேசன் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரே வரி: "சுவர் திருத்த நாலு இலட்சம்." அவருடைய அனுபவத்தில் அந்தத் தொகை சரியாகவே இருக்கலாம். ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கிறவருக்கு அந்த வரியில் பிடித்து நடக்க ஒன்றும் இல்லை. அதே மேசன்தான் அந்த வேலையையும் செய்யப் போகிறார் என்பதால் தொகையைக் கூட்டிச் சொல்லியிருப்பார் என்ற எண்ணமும் வந்துவிடும்.

இளைப்பாறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர், நம்முடைய வழக்கில் டி.ஓ. அல்லது ஓவசியர், அளந்து எழுதும் மதிப்பீடு வேறு மாதிரி. எத்தனை சதுர அடி பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், எத்தனை சீமெந்துக் கல், மணல் எத்தனை கியூப், கூலி என்ன, கழிவை ஏற்ற என்ன செலவு என்று வேலை வேலையாகப் பிரித்து, அளவும் விலையும் பெருக்கி இருக்கும். வெட்ட விரும்புகிறவர் எந்த வரியை ஏன் வெட்டுகிறார் என்று சொல்லியாக வேண்டும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சேதமென்றால் கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுவதையே தொழிலாகச் செய்யும் கணிய அளவையாளர் ஒருவரிடம் போவது இன்னும் பலம்.

விலையில் ஒரு சிக்கல் உண்டு. அரச திணைக்களங்கள் பாவிக்கும் கட்டட வேலை விலைப்பட்டியல் ஒன்று மாகாணத்துக்கு உண்டு. ஓவசியர்மார் பழக்கத்தில் அதையே வைத்துக் கணக்குப் போடுவார்கள். சந்தை விலை அதைவிட முன்னே ஓடியிருந்தால் நட்டம் உங்களுக்குத்தான். ஆகவே சீமெந்து, கம்பி, ஓடு போன்ற பெரிய சாமான்களுக்கு இரண்டு கடைகளில் விலைக்கூறு வாங்கி மதிப்பீட்டோடு இணைத்துவிடுங்கள்.

கணக்கை எவ்வளவு நன்றாக எழுதினாலும், பத்திரத்தில் உள்ள சராசரி விதி தெரியாமல் இருந்தால் கடைசியில் அதிர்ச்சிதான். வீட்டைத் திரும்பக் கட்ட 2 கோடி ரூபாய் தேவை, பத்திரம் 1 கோடிக்குத்தான் எடுத்திருக்கிறது என்று வையுங்கள். 10 இலட்சம் சேதம் வந்தால் 10 இலட்சம் கிடைக்காது. பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதி, அதாவது 5 இலட்சம். அதிலிருந்து நீங்களே பொறுக்க வேண்டிய முதற் பங்கையும் கழிப்பார்கள். 2022 நெருக்கடியில் கட்டடச் சாமான் விலை ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். அதற்கு முன் எடுத்த பத்திரத்தைத் தொகை மாற்றாமல் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இப்படியான குறைந்த கணக்குக்குள்தான் நிற்கிறார்கள். டி.ஓ. வந்து அளக்கும்போது முழு வீட்டையும் இன்றைய விலையில் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இந்தத் தடவைக்கு உதவாவிட்டாலும் அடுத்த புதுப்பித்தலுக்கு உதவும்.

காரணத்தில் பிணக்கு: எஞ்சினியர்

சின்னம்மாவுக்கு வந்த கடிதத்தில் தொகையைப் பற்றி ஒன்றுமே இல்லை. காரணத்தைச் சொல்லித்தான் மறுத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் முதலில் செய்தது இன்னொரு மேசனிடம் எஸ்ரிமேற் வாங்கி அனுப்பியது. அதே பதில் திரும்பி வந்தது. பிறகுதான் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைப் பிடித்தோம்.

அவர் வேலை செய்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்ததும் வெடிப்பைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், பீலி எங்கே கொட்டுகிறது, பக்கத்து வளவு உயரமா பள்ளமா என்று பார்த்தார். பிறகு மேசன் பூசிய சீமெந்தைக் கவனமாகக் கொத்தி எடுக்கச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து வெடிப்புக்குள் பார்த்தார். "தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். ஜன்னலுக்குக் கிட்ட, மேல் ஒரு முழத்தில் வெடிப்பின் உள்விளிம்பில் இளநீலப் பெயின்ற் இறங்கியிருந்தது. அதாவது கடைசியாகப் பெயின்ற் அடித்தபோதே அந்த இடத்தில் மயிரளவு வெடிப்பு இருந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்விளிம்பு வெள்ளையாக, கூராக இருந்தது. விரலால் தடவினால் மணல் மணியாக உதிர்ந்தது. அழுக்கும் இல்லை, சிலந்தி வலையும் இல்லை. "இது புதுசு" என்றார்.

அடுத்து, சுவர் மூலையில் அத்திவாரத்தோடு ஒட்டி ஒரு கிடங்கு வெட்டச் சொன்னார். இரண்டடி போனதும் அத்திவாரக் கல்லுக்குக் கீழே வெறும் பொந்து. அவருடைய கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. எல்லை வாய்க்கால் நிரம்பிப் பாய்ந்த தண்ணீர் அந்த மூலை மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. எதிர் மூலையிலும் ஒரு கிடங்கு வெட்டச் சொன்னார், அங்கே மண் இறுகி அப்படியே இருந்தது. அந்த இரண்டாம் கிடங்கை மேசனோ ஓவசியரோ வெட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதுதான் பிறகு கோப்பில் பேசியது. ஒரே வீடு, ஒரே வயது, ஒரே மண், தண்ணீர் பாய்ந்த மூலை மட்டும் இறங்கியிருக்கிறது.

பிறகு விறாந்தைப் பக்க லின்ரலை, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே கிடக்கும் கொங்கிறீற்று விட்டத்தை, சுத்தியலால் தட்டினார். டொக் டொக் என்று வெறுஞ்சத்தம். கொங்கிறீற்றுத் துண்டொன்று கழன்று விழ, உள்ளே கம்பி கறள் பிடித்து உப்பியிருந்தது. "இது வெள்ளத்தால வந்ததில்லை அம்மா. கனகாலத்துக் கறள்" என்றார். சின்னம்மாவுக்கு முகம் மாறியது. "எங்கட பக்கம் கதைக்கத்தானே காசு குடுத்துக் கூப்பிட்டது" என்று பிறகு என்னிடம் குறைப்பட்டார். ஆனால் அறிக்கை எடுபட்டதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். பழையதைப் பழையது என்று எழுதியதால்தான் புதியதைப் புதியது என்று எழுதியதை நம்பினார்கள். கம்பனி மதிப்பீட்டாளரை மறுபடி அனுப்பியது. கிடங்கு இரண்டும் மூடாமல் இருந்தன. மூலை அத்திவாரத்தைப் பலப்படுத்தவும் வெடிப்பின் புதிய பகுதியைத் திருத்தவும் காசு வந்தது. லின்ரலுக்கு வரவில்லை, அது நியாயம்தான்.

இதில் சொல் எப்படி விழுகிறது என்பது பெரிய விசயம். "அத்திவாரம் இறங்கியதால் சுவர் வெடித்தது" என்று மட்டும் எஞ்சினியர் எழுதியிருந்தால் அதை வைத்தே மறுத்திருப்பார்கள். பல பத்திரங்களில் நிலம் இறங்குவது தனி விலக்கு. இறக்கம் எதனால் வந்தது என்று பின்னோக்கிப் போய், வெள்ளநீர் பாய்ந்தது, மண் அரித்தது, மூலை இறங்கியது, சுவர் வெடித்தது என்று சங்கிலி முழுவதையும் எழுதியதால்தான் அது வெள்ளச் சேதமாயிற்று. பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையைப் பாதியில் நிறுத்தாமல் எழுதச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கென்று சில குணங்கள் உண்டு, அவை தெரிந்த எஞ்சினியர் வேண்டும். நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. சில இடத்தில் ஓரடி தோண்டினாலே பாறை, சில இடத்தில் உள்ளே நீர் கரைத்த வெளி. நிலாவரைக் கிணறு அதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். ஒரே வளவில் வீட்டின் ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் மண்ணிலும் நிற்கும்போது சிறு வெடிப்பு இயல்பாகவே வரும். அதை வெள்ளத்தின் மேல் போட முடியாது. கரையோரத்தில் உப்பு மணலும் சவர்த் தண்ணீரும் கலந்து போட்ட கொங்கிறீற்று என்றால் கம்பி உள்ளுக்குள்ளேயே கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். இதைப் பார்த்த மதிப்பீட்டாளர் வீட்டில் உள்ள எல்லா வெடிப்பையும் இந்தக் கணக்கில் எழுதிவிடுகிற ஆபத்து உண்டு. அப்புறம் பழைய நாற்சார் வீடுகள்: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவர், பனந் தீராந்தி, கள்ளிக்கோட்டை ஓடு. அந்தச் சுவரைச் சீமெந்தால் பூசி மூடினால் ஈரம் உள்ளே அடைபட்டு உப்புப் பூக்கும். திருத்தும் முறையே வேறு, செலவும் வேறு. அதைத் தெரியாதவர் எழுதும் மதிப்பீடு உங்களுக்குப் போதாது.

ஆகவே கொழும்புக் கம்பனியின் கனமான தலைப்புத் தாளைவிட, இந்த மண்ணில் வேலை செய்து பழகிய ஒருவரின் அறிக்கையையே நான் தெரிவு செய்வேன். தகுதி மட்டும் சரியாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளர்கள் பொறியியல் பேரவையில் பதிவு செய்ய வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பட்டயத் தகுதி கொடுக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், அது அறிக்கையில் கையெழுத்துக்குக் கீழே வர வேண்டியது. சிவில் படித்து, கட்டமைப்பு வேலை செய்தவராக இருக்க வேண்டும். மின் எஞ்சினியர் சுவரைப் பற்றி எழுதினால் எடுபடாது. அதுபோல மின்னல் வயரிங்கை எரித்த வீட்டுக்கு அவர்தான் தேவை.

அரைப் பக்கத்தில் "மேற்படி வீடு வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது என உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதி முத்திரை குத்தித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்குக் கொடுக்கும் காசு கிணற்றில் போட்ட காசு. உருப்படியான அறிக்கையில் பார்த்த நாளும் நேரமும் இருக்கும், வீட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு வெடிப்புக்கும் இலக்கம் இருக்கும், அகலம் மில்லிமீற்றரில் இருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்டவை பெரும்பாலும் பூசிப் பெயின்ற் அடித்தால் தீரும், ஐந்தைத் தாண்டினால் சுவரையே கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. வேறு என்ன காரணம் இருக்கலாம், அதை ஏன் தள்ளினேன் என்று அவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவது அந்தப் பந்தியைத்தான். கொங்கிறீற்றின் பலத்தில் சந்தேகம் என்றால் மீள்துள்ளல் சுத்தியல் (rebound hammer) சோதனையோ, துளைத்து எடுத்த மாதிரியின் சோதனையோ வேண்டுமென்பார். சாதாரண வெள்ளச் சேதத்துக்கு அது தேவைப்படுவது குறைவு, கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கூலியை முன்கூட்டியே ஒரே தொகையாகப் பேசுங்கள். "கிளெயிம் வந்தால் அதில் இத்தனை வீதம்" என்று கேட்கிறவரை விட்டுவிடுங்கள், அந்தப் பேச்சு வெளியே தெரிந்த நிமிடமே அறிக்கையின் மதிப்புப் போய்விடும். பத்திரத்தில் "பொறியியலாளர் கட்டணமும் அடங்கும்" என்று ஒரு வாசகத்தைக் கண்டு பலர் நம்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வீட்டைத் திரும்பக் கட்டும் வேலைக்கான கட்டணம். உரிமைக்கோரலைத் தயாரிக்க எடுத்த அறிக்கைக்கு அது பொருந்தாது. ஆகவே எஞ்சினியரின் கூலியை உங்கள் கைக்காசு என்றே கணக்கில் போடுங்கள். சராசரி விதியும் முதற் பங்கும் கழித்துக் கைக்கு வரக்கூடிய தொகை அந்தக் கூலியைவிடப் பல மடங்கு இல்லையென்றால் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காலத்தில் பிணக்கு: பொங்கலுக்கு முந்திய வெள்ளையடிப்பு

"இது முன்பே இருந்த சேதம்" என்று சொன்னால் எஞ்சினியரால் ஓரளவுக்குத்தான் உதவ முடியும். வெடிப்பின் விளிம்பைப் பார்த்துப் பழசு, புதுசு சொல்வார். நாளைச் சொல்ல முடியாது. நாளைச் சொல்வது சான்றுகள்.

கிராம சேவையாளரிடம் உடனே பதியுங்கள். அந்தப் பதிவு பிரதேச செயலகத்துக்கும் போகும். அது அரச நிவாரணத்துக்கான நடைமுறை, காப்புறுதிக் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இன்ன நாளில் இன்ன வீட்டுக்குள் வெள்ளம் நின்றது என்று உத்தியோகபூர்வமாகச் சொல்லும் தாள் அது. மழையின் அளவில் பிணக்கு வந்தால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது. அந்த நாளுக்குரிய மழைவீழ்ச்சி விபரத்தை எழுத்தில் கேட்டு எடுக்கலாம்.

இதைவிடப் பெறுமதியானது உங்கள் போன். சேற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், இரண்டு கிழமை கழித்து நுனி கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். எஞ்சினியர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. மழை தொடர்ந்தால் தறப்பாள் கட்டுங்கள், முண்டு கொடுங்கள், அது உங்கள் கடமையும்கூட. அதற்கான பில்லை வையுங்கள். பூசுவதும் பெயின்ற் அடிப்பதும் மட்டும் பிறகு.

நமக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் வெள்ளம் வரும், தையில் பொங்கல் வரும். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது. சேற்றுக் கோடு, உப்புப் பூத்த அடையாளம், வெடிப்பின் விளிம்பு எல்லாம் அந்த ஒரு நாளில் போய்விடும். அறிக்கை கையில் வரும்வரை சேதப்பட்ட சுவரையாவது விட்டுவிடுங்கள். அந்த வருடம் சின்னம்மா வீட்டில் குசினிச் சுவர் வெள்ளையடிக்காமலே பொங்கிப் படைத்தோம்.

இரண்டு அறிக்கை மோதினால்

உங்கள் எஞ்சினியர் ஒன்றைச் சொல்ல, கம்பனி அனுப்பிய எஞ்சினியர் இன்னொன்றைச் சொல்வதும் நடக்கும். கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைவிட, இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் நின்று பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். கிடங்கு வெட்டியிருந்தால் அதுவரை மூட வேண்டாம். கம்பனி அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். தர மறுத்தால் எந்தக் காரணத்தால், பத்திரத்தின் எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்றாவது எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அடுத்து காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று போகலாம். தொகையில் மட்டும் பிணக்கு என்றால் நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும் என்ற வாசகம் பல பத்திரங்களில் உண்டு. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓடும் காலவரம்பும் இருக்கும். அதைப் பத்திரத்தில் தேடிக் கலண்டரில் குறித்துவிடுங்கள். இந்தப் படிகளில் ஏறும்போது வாய்ப்பேச்சுக்கு இடம் குறைவு, கோப்பில் இருக்கும் தாள்தான் பேசும்.

மழைக்கு முன்பே பார்ப்பது

சேதம் வந்த பிறகு எடுக்கும் எல்லா அறிக்கைகளோடும் ஒப்பிட்டால், என் கணிப்பில் ஆகக் கூடிய பலன் தருவது சேதம் வருமுன் புரட்டாதியில் ஒரு ஓவசியரைக் கொண்டு வீட்டைப் பார்ப்பதுதான். அரை நாள் வேலை. ஓடு, வளை, பீலி, லின்ரல், அத்திவார மூலை, மதில், வாய்க்கால் ஓட்டம். இருக்கிற வெடிப்புகளை எல்லாம் அளந்து, படம் எடுத்து, திகதியோடு இரண்டு பக்கம் எழுதி வைத்தால் போதும். மாரியில் சேதம் வந்தால் பழசு எது புதுசு எது என்ற வாதம் தொடங்கும் முன்பே உங்களிடம் பதில் இருக்கும். பார்த்த இடத்தில் கறள் தெரிந்தால் திருத்திவிடுங்கள். எழுதி வைத்துவிட்டுத் திருத்தாமல் விட்டால் அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீட்டைப் பூட்டி உறவினரிடம் திறப்புக் கொடுத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆட்கள் தொடர்ந்து வசிக்காத வீட்டுக்குப் பத்திரத்தில் நிபந்தனை இருக்கும், பலவற்றில் 30 நாள் என்று வரும். அதைக் கடந்தால் சில சேதங்களுக்குக் காப்புறுதி நின்றுவிடும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அதற்கேற்ற சம்மதத்தைப் பத்திரத்தில் பதிவு செய்விக்க வேண்டும். திறப்பு வைத்திருப்பவருக்கு அற்றோணித் தத்துவமோ (பவர் ஒப் அற்றோணி) அதிகாரக் கடிதமோ கொடுத்திருந்தால்தான் மதிப்பீட்டாளரோடு அவர் பேசலாம், எஞ்சினியரை அமர்த்தலாம். மாதத்துக்கு ஒரு தரம் போய்க் கதவு ஜன்னல் திறந்து பார்த்து, அன்றைய படங்களை வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து இங்குள்ள போன் நனைந்தாலும் அந்தப் படங்களும் திகதிகளும் அங்கே இருக்கும்.